பீப்பாய்த் தண்ணீரில் பிழைத்தவை

என் அக்காவுக்குக் கண் போய்விட்டது என்று அவளுடைய அலுவலகத்தில் முடிவுகட்டிய அன்று அவள் அழவில்லை. நான்தான் கத்தினேன். பிறக்கும்போதே நிதானம் முழுவதையும் மூத்தவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மிச்சமிருந்த கோபமும் வாயும் எனக்கு வந்து சேர்ந்தன என்று அத்தான் சொல்வார். அத்தான் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான் ஏதாவது குத்தலாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்.

அக்காவின் வேலை கொசு வளர்ப்பது. முதல்முறை கேட்கிறவர்கள் எல்லாரும் இரண்டாம் தடவை கேட்பார்கள். ஆமாம், கொசுதான். கொசு ஒழிப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பின்கட்டில், கடைசி அறையில், இருபத்திரண்டு வருடமாக வளர்க்கிறாள். ஒரு மருந்து கொசுவைக் கொல்லுமா கொல்லாதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் கையில் கொசு இருக்க வேண்டும், இல்லையா? அதுவும் வயது தெரிந்த, வம்சம் தெரிந்த, ஒழுங்காகச் சாப்பிட்டு வளர்ந்த கொசு. ஊரே அடித்துக் கொல்லும் ஒரு பிராணிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறவள் என் அக்கா. அத்தான் கடைசல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, மாலை ஆறு மணிக்கெல்லாம் கொசுவலைக்குள் புகுந்துவிடுவார். என்ன பொருத்தமோ!

அந்த அறைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும், அவ்வளவு வெக்கை. சுவரோரமாக மூன்று அலமாரிகள், அவற்றில் வெள்ளைத் தட்டுகள், தட்டுகளில் தண்ணீர், தண்ணீரில் புழுக்கள். வாலில் இருக்கும் குழாயால் மூச்சு வாங்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். நம் நிழல் பட்டால் போதும், தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் நெளிந்து அடியில் போய்விடும். பொடித்த நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும்தான் அவற்றுக்கு ஆகாரம். இன்னொரு பக்கம் வலைக்கூண்டுகள். கூண்டுக்குள் ஈரத்தாள் வைத்தால் கொசு அதில் முட்டையிடும், மிளகைத் தூளாக்கித் தூவியது மாதிரி. அந்தத் தாளைக் காயவைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. தண்ணீரில் போட்டால் எழுந்து வரும். இந்த முட்டைத்தாள் விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அக்காவின் உண்மையான திறமை வளர்ப்பதில் இல்லை, எண்ணுவதில். ஒரு கோப்பையில் இருபத்தைந்து புழுவை விட்டு மருந்தை ஊற்றிவிட்டு, சரியாக ஒரு நாள் கழித்து எத்தனை செத்தது என்று எண்ண வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. போய் எண்ணிப் பாருங்கள். செத்தது அசையாது, சரி. சாகப்போவது கொஞ்சம் துடிக்கும், மேலே வர முடியாது, அதையும் செத்த கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சும்மா சோம்பேறித்தனமாகக் கீழே கிடப்பதை ஊசிமுனையால் தொட்டால் விருட்டென்று ஓடும், அது உயிருள்ளது. நடுவில் உரித்துப்போட்ட தோல்கள் வேறு புழு மாதிரியே மிதக்கும். அக்கா ஒரு கோப்பையைப் பார்த்து "பத்தொன்பது" என்றால் அது பத்தொன்பதுதான். இருபது வருடமாக யாரும் திரும்பி எண்ணியதில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் கண் போனவள் என்றார்கள். நடந்தது இதுதான். ஒரு மரத்தின் காய்ந்த இலையை அரைத்துப் புதிதாக ஒரு பொடி செய்திருந்தார்கள். ரசாயனம் இல்லை, மீனுக்குக் கெடுதி இல்லை, சாக்கடையில் தூவினால் கொசுப்புழு காலி என்று பெரிய எதிர்பார்ப்பு. நிலையத்துக்கு வேறொரு ஊரில் ஒரு கிளை உண்டு. அங்கே சோதித்தபோது இருபத்தைந்துக்கு இருபத்து நாலு செத்தது. இங்கே அக்கா சோதித்தபோது செத்தது எட்டு. மறுபடி செய்தாள், ஒன்பது. மூன்றாம் தடவையும் எட்டு. அதே பொடி, அதே அளவு.

அறைக்குப் பொறுப்பான டாக்டரம்மா கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அக்கா அந்த மாதம்தான் புதுக் கண்ணாடி மாற்றியிருந்தாள். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். "வயசாகுதும்மா, எல்லாருக்கும் வரதுதான்" என்று ஆறுதல் வேறு. அடுத்த மாதத்திலிருந்து அக்காவுக்குக் கிடங்கு அறை, காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுக்கிற வேலை. எண்ணுவதற்கு வேறு ஆள்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"சரின்னு சொன்னேன்."

"சரியா? உன் எண்ணிக்கை தப்பாடி... சாரி, தப்பாக்கா?" கோபம் வந்தால் எனக்கு மரியாதை மறந்துவிடும்.

"தப்பில்ல. அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியவைக்கிறது?"

சமையலறையில் நான் நின்றுகொண்டும் அவள் உட்கார்ந்துகொண்டும் பேசிக்கொண்டிருந்தோம். அத்தான் வாசல் பக்க அறையில் கொசுவலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிறவள். நாளெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்டே பழக்கம். விடவில்லை.

"அவங்க புழுவும் உன் புழுவும் ஒரே வகைதானே?"

"வகை என்ன, ஒரே வம்சம். அந்தக் கிளை ஆரம்பிச்சப்போ முட்டைத்தாள் குடுத்து அனுப்பினதே நான்தான். பதினொரு வருஷம் ஆச்சு."

"அப்போ பங்காளிங்க. ஒண்ணு பொடியில சாகுது, இன்னொண்ணு சிரிக்குது. வளர்ப்புலதான் ஏதோ இருக்கு. நீ என்ன போட்டு வளக்கற?"

"அதே பிஸ்கட்டு, அதே ஈஸ்ட்டு. தட்டு, வெக்கை, வெளிச்சம் எல்லாம் ஒண்ணுதான்."

முன்னறையிலிருந்து அத்தான் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தண்ணி?"

அக்கா கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. 

பிறகு சொன்னாள். பதினொரு வருடத்துக்கு முன்பு, கிளைக்கு முட்டைத்தாள் அனுப்பிய சில மாதங்களில், குழாய்த் தண்ணீரில் திடீரென்று குளோரின் மருந்து வாசம் ஏறியது. எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த வருடம்தான் வேலையில் சேர்ந்தேன், ஒரு நாளைக்கு நூறு பேர் அதைச் சொல்லியே என்னைத் திட்டினார்கள். அந்தத் தண்ணீரில் அக்காவின் புழுக்கள் தட்டுத் தட்டாகச் செத்தன. விதிப்படி குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து போன பிறகுதான் ஊற்ற வேண்டும். அத்தனை தட்டுக்கும் அத்தனை வாளி இல்லை, வைக்க இடமும் இல்லை. கட்டடத்தின் பின்னால் ஒரு மழைநீர்ப் பீப்பாய் இருந்தது. மொண்டு வந்து ஊற்றிவிட்டாள்.

"அந்தப் பீப்பாய் மேல ஒரு மரம் நிக்கும். எல நெறைய விழும். தண்ணி டீ மாதிரி இருக்கும்."

"என்ன மரம்?" எனக்கு எல்லா மரமும் மரம்தான், இருந்தாலும் கேட்டேன்.

"பொடி செய்யறாங்களே, அதே மரம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"முதல் தடவை ஊத்தினப்போ ரெண்டாயிரம் புழுவில தொண்ணூத்து மூணுதான் பொழச்சுது. பயந்துட்டேன். வளர்ப்பு மொத்தமும் போச்சுன்னு சொன்னா என்னைத் தொலைச்சிருவாங்க. அந்தத் தொண்ணூத்து மூணைக் கொசுவாக்கி, முட்டை போடவெச்சு, மறுபடி பெருக்கினேன். அடுத்த தடவை சாவு கொறஞ்சுது. அதுக்கடுத்து இன்னும் கொறஞ்சுது. வருஷக் கடைசியில சாவே இல்ல. சரி, தண்ணி பழகிடுச்சுன்னு இன்னிவரைக்கும் அதையேதான் ஊத்தறேன்."

"தண்ணி பழகிடுச்சா?"

"பீப்பாய் பழசாகப் பழசாகத் தண்ணி நல்லாயிடுச்சுன்னு நெனச்சேன்டி. இப்பதான் புரியுது. தண்ணி மாறல. மாறினது புழு."

இருபத்திரண்டு வருடம் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தவள் தண்ணீரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். தினமும் பார்க்கிறவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட தப்பு வரும்! ஒரு புழு இன்னொரு புழு மாதிரியே இருக்கும்போது, பேத்தி பாட்டியைவிடக் கெட்டிக்காரி என்று எப்படித் தெரியும்?

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அறையில் ஒரு பதிவேடு உண்டு. அதில் "தண்ணீர்" என்று ஒரு கட்டம். பதினொரு வருடமாக ஒவ்வொரு நாளும் அக்கா அதில் எழுதியது, "குழாய், ஒரு நாள் வைத்தது." பொய். நான்காயிரம் தடவை எழுதிய பொய்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றாள்.

நான் தடுத்தேன், அதை மறைப்பானேன். சும்மா இருந்தால் கிடங்கு அறையில் பேனா எண்ணிக்கொண்டு காலத்தை ஓட்டலாம், சம்பளத்துக்கு ஒன்றும் குறைவில்லை. போய்ச் சொன்னால் வேலையே போகலாம். அக்கா கேட்டுக்கொண்டாள். எழுந்து டம்ளரைக் கழுவி வைத்தாள். "என் கண்ணு நல்லா இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். அதுக்கு இதைச் சொல்லித்தான் ஆகணும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் டாக்டரம்மா அறையில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் அவர் கத்தியிருக்கிறார். பொய்ப்பதிவு, துரோகம், பதினொரு வருட அறிக்கை எல்லாம் பாழ் என்று நடந்துகொண்டே கத்தியிருக்கிறார். கத்திக்கொண்டே போனவர் சட்டென்று நின்றாராம்.

"முதல்ல எத்தனை பொழச்சுதுன்னு சொன்னீங்க?"

"ரெண்டாயிரத்துல தொண்ணூத்து மூணு, டாக்டர்."

"அடுத்த தலைமுறையில?"

"நானூத்துப் பத்து. அதுக்கடுத்து எழுநூத்தி எண்பது."

அக்காவுக்கு எண்கள் மறப்பதில்லை. டாக்டரம்மா காகிதத்தை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்துவிட்டார். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் தலைமுறை, பதினொரு வருடத்தில் நூற்றைம்பது. மனிதருக்கு நூற்றைம்பது தலைமுறை என்றால் நாலாயிரம் வருடம் பக்கம். அந்தக் கடைசி அறைக்குள், மூன்று அலமாரி இடத்தில், நாலாயிரம் வருடம் ஓடியிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

அவர் அக்காவுக்கு விளக்கியதை அக்கா எனக்கு விளக்கினாள். நான் உங்களுக்குச் சொல்கிறேன். மரம் தன் இலையைப் பூச்சி தின்னாமல் இருக்க இலைக்குள் விஷம் வைத்திருக்கிறது. இலை உதிர்ந்தாலும் விஷம் போகாது, தண்ணீரில் ஊறி இறங்கும். புழு அந்த மக்கிய இலைத்தூளைத்தான் தின்னும். குடல் புண்ணாகிச் சாகும். ஆனால் ஆயிரத்தில் நாற்பது ஐம்பதுக்கு, பிறக்கும்போதே, விஷத்தை உடைத்துப்போடும் சரக்கு குடலில் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும். அது புழுவின் சாமர்த்தியம் இல்லை, கற்றுக்கொண்டதும் இல்லை, தற்செயல். மற்றவை செத்துப்போக, இவை கொசுவாகி முட்டையிடும். குழந்தைகளுக்கும் அந்தச் சரக்கு இருக்கும். அவற்றிலும் அதிகம் உள்ளவை பிழைக்கும். இப்படியே போனால் ஒரு நாள் தட்டு முழுக்க அந்த வம்சம்தான். இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் திட்டம் போடவில்லை! சாவே சலித்துச் சலித்து ஒரு புது வம்சத்தைச் செய்திருக்கிறது.

"இது உண்மையா இருந்தா பெரிய விஷயம்" என்றாராம் டாக்டரம்மா. "ஆனா கண்ணு போனதை மறைக்க நீங்க கட்டின கதையாவும் இருக்கலாம். சோதிச்சுப் பாத்துடுவோம். கதைன்னு ஆச்சுன்னா, பொய்ப்பதிவுக்கும் சேத்து வேலையை விட்டே அனுப்பற மாதிரி ஆகும். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் என் நிதானக்காரி.

கிளையிலிருந்து முட்டைத்தாள் தபால் உறையில் வந்தது. இங்குள்ள தாளையும் அதையும் ஒரே மணிக்குத் தண்ணீரில் போட்டார்கள். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், வாளியில் ஒரு நாள் வைத்த குழாய்த் தண்ணீர். அது டாக்டரம்மாவின் கண்டிப்பு. பீப்பாய்த் தண்ணீரில் வளர்வதால் மட்டும் வரும் பழக்கம் என்றால், இந்த ஒரு தடவையிலேயே காணாமல் போய்விடும். பிறப்பிலேயே வந்தது என்றால் எந்தத் தண்ணீரில் வளர்த்தாலும் போகாது. இதைக் கேட்டதிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பழக்கமாக மட்டும் இருந்துவிட்டால்? அவள் எண்ணியதெல்லாம் சரியாக இருந்தும் கோப்பை அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடும்.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. எந்தக் கோப்பையில் எந்தப் புழு என்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. அக்காவும் டாக்டரம்மாவும் தனித்தனியாக எண்ணி, தனித்தனிச் சீட்டில் எழுத வேண்டும். கோப்பைகளை இடம் மாற்றி எண் ஒட்டுவதற்கு ஒரு வெளியாள் வேண்டும். நிலையத்தில் எல்லாரும் ஏதாவது ஒரு கட்சி.

"கொசுப்புழுவையும் மீன்குஞ்சையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாத ஆளா இருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"அப்படி ஒருத்தி எங்க வீட்டிலேயே இருக்கா, டாக்டர்" என்றாள் அக்கா.

இப்படித்தான் நான் விஞ்ஞானத்துக்குள் நுழைந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகள், கோப்பைக்கு இருபத்தைந்து புழு. பொடி கலந்தவை எட்டு, அதில் நாலு கிளை வம்சம், நாலு பீப்பாய் வம்சம். வெறும் தண்ணீரில் வம்சத்துக்கு இரண்டு. அவர்கள் இருவரும் வெளியே போனதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய அடையாளத்தைக் கிழித்துவிட்டு, கோப்பைகளைக் கலைத்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் ஒட்டினேன். எந்த எண் எந்த வம்சம் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கைப்பைக்குள் வைத்தேன். முந்நூறு உயிர், ஒரு அக்கா.

"நாலு மணிக்கு வந்து துணி போட்டு மூடிட்டு, பூட்டிட்டு, சாவியை நீங்களே வெச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா.

நாலு மணிக்குப் போனேன். பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தேன். சில கோப்பைகளில் புழுக்கள் மேலே ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தன. சிலவற்றில் பெரும்பாலானவை கீழே கிடந்தன. எந்த எண் எது என்று எனக்குத்தான் தெரியுமே! ஆனால் கீழே கிடப்பவை செத்தவையா, மேய்ந்துகொண்டிருப்பவையா? எனக்கு எப்படித் தெரியும்? என்னை அதற்காகத்தானே தேர்ந்தெடுத்தார்கள்! துணியைப் போட்டு மூடிப் பூட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அன்று மாலைப்பொழுது மாதிரி ஒன்றை நான் அனுபவித்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத கலை. அக்கா எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் தெரிந்துவிடும் என்று. நான் ரொட்டியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

அத்தான்தான் கேட்டார். "என்ன, பேச்சையே காணோம். உடம்பு சரியில்லையா?"

"ம்ம்."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"நாளைக்குப் போறோம்" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

ஞாயிறு பத்து மணிக்கு நான் கதவைத் திறந்துவிட்டேன். டாக்டரம்மா என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "உங்க மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும் போல. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்றார். சரி என்று சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். ஐம்பதை எட்டப்போகிற வயதில் வகுப்பில் தண்டனை வாங்கியவள் மாதிரி.

பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. கோப்பை மேசையில் உரசும் சத்தம். அக்கா முணுமுணுவென்று எண்ணும் சத்தம். பென்சில் சத்தம். பிறகு அடுத்த கோப்பை. ஒவ்வொரு கோப்பையையும் அக்கா எண்ணியதும் டாக்டரம்மா எண்ணினார். எனக்கு அந்தச் சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் ஆனது.

"சீட்டைக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். "ஒண்ணு சரி. ரெண்டு சரி. மூணு சரி..." ஒன்பதாம் கோப்பையில் நின்றார். "இங்க வித்தியாசம் இருக்கு. நான் ஒன்பது எழுதியிருக்கேன். நீங்க பத்து."

அக்காவின் குரல் எப்போதும் போல இருந்தது. "ஓரத்துல ஒரு உரிச்ச தோல் மிதக்குது பாருங்க, டாக்டர். அதுக்கு அடியில ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு."

ஊசியால் எதையோ நகர்த்தினார்கள்.

"பத்து" என்றார் டாக்டரம்மா. தன் சீட்டில் ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார். நான் சுவரைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தேன்.

"இப்ப உறையைத் திறங்க."

திரும்பினேன். உறையைக் கிழிக்கும்போது பட்டியலையும் சேர்த்துக் கிழிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணாக நான் படிக்க, டாக்டரம்மா பலகையில் எழுதினார். வெறும் தண்ணீர்க் கோப்பை நாலிலும் சேர்த்துச் செத்தது ஒன்று. கிளை வம்சம், பொடித் தண்ணீர்: இருபத்து நாலு, இருபத்தைந்து, இருபத்து மூன்று, இருபத்தைந்து. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. பீப்பாய் வம்சம், அதே பொடித் தண்ணீர்: எட்டு, பத்து, ஏழு, ஒன்பது.

நூற்றுக்கு முப்பத்து நாலு!

"பொறப்புலயே இருக்கு" என்றார் டாக்டரம்மா, தனக்குத்தானே சொல்வது போல. பிறகு உரக்க, "பொறப்புலயே இருக்கும்மா! அறுபத்தாறு பொழச்சிருக்கு!" அவ்வளவுதான், செருப்பைக்கூடப் போடாமல் பின்பக்கம் ஓடினார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். பீப்பாய் அங்கேதான் இருந்தது, பாதி இலையும் பாதித் தண்ணீருமாக. பெரிய படிப்புப் படித்த அந்த அம்மா பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்த நல்ல கண்களால் தேம்பித் தேம்பி அழுதாள்.

டாக்டரம்மா தலையை வெளியே எடுத்தபோது முடியில் ஒரு இலை ஒட்டியிருந்தது. "இந்த மரம் எங்கெங்கே சாக்கடை ஓரமா நிக்குதோ, அங்கெல்லாம் புழு இதே மாதிரி தேறியிருக்கலாம். பொடியைத் தூவறதுக்கு முன்னாடி அந்தந்த இடத்துப் புழுவைப் பிடிச்சு இங்க கொண்டுவந்து பாக்கணும். இல்லன்னா தூவிக்கிட்டே இருப்போம், அது வளந்துக்கிட்டே இருக்கும்." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "அந்தத் தொண்ணூத்து மூணைத் தூக்கிப் போடாம ஏன் வெச்சீங்க? அன்னைக்கே ஏதாவது தோணிச்சா?"

நானாக இருந்தால் தோன்றியது என்று சொல்லியிருப்பேன். இவ்வளவு அழகான வாய்ப்பை யார் விடுவார்?

"ஒண்ணும் தோணல, டாக்டர். பயம். தூக்கிப் போட்டிருந்தா உங்ககிட்ட வந்து சொல்ல வேண்டியிருந்திருக்கும்."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பதிவேட்டுல எழுதினது தப்புதான். அதுக்குக் கடிதம் வரும். அதை நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

"வரட்டும், டாக்டர்."

வந்தது. பத்து நாள் கழித்து, முத்திரையோடு. அதற்குள் கிடங்கு அறை உத்தரவு ரத்தாகி, அக்காவின் அறையில் நாலாவதாக ஒரு அலமாரி வந்திருந்தது. அதில் இரண்டு வம்சங்களும் தனித்தனித் தட்டில். பதிவேட்டில் தண்ணீர்க் கட்டத்தில் ஒன்றுக்குக் குழாய், இன்னொன்றுக்குப் பீப்பாய். முதல் நாள் பழக்கத்தில் இரண்டுக்கும் குழாய் என்றே எழுதிவிட்டு, அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டாளாம்.

கடிதத்தை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நான் உரக்கப் படித்தேன். முதல் வரி இது: "கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் தாங்கள் பதிவு செய்த எண்ணிக்கைகளைச் சரிபார்த்ததில் அவற்றில் பிழை ஏதும் காணப்படவில்லை." இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரை திட்டு. பொறுப்பின்மை, விதிமீறல், உண்மைக்கு மாறான பதிவு, கடும் கண்டனம், இனியும் தொடர்ந்தால் இன்ன இன்ன. எனக்கு மறுபடி கோபம் தலைக்கேறியது. இவர்களுக்கு ஒரு புது வம்சத்தையே வளர்த்துக் கொடுத்தவளுக்கு இதுவா என்று ஆரம்பித்தேன்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும்டி. அந்த முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படி."